எட்டுக் குளிசைகளின் கணக்கு

மார்கழி மழை விட்டுத் தைப்பனி இறங்கும் நாட்கள் பருத்தித்துறைப் பக்கத்து முட்டு (ஆஸ்துமா) வருத்தக்காரருக்கு நல்ல காலம் அல்ல. இரவு இரண்டு மூன்று மணிக்கு இழுப்புத் தொடங்கும். நீலப் பம்மை நாலைந்து தரம் அடித்தும் அடங்காது. ஓட்டோ பிடித்து மந்திகை ஆதார வைத்தியசாலைக்குப் போய், முகமூடி போட்டு மருந்துப் புகை பிடித்து, விடிந்த பிறகு மூச்சு வசப்பட்டு வீடு திரும்புவார்கள். கையில் ஒரு சின்னக் கடதாசி உறை இருக்கும். உள்ளே பிரெட்னிசொலோன், 5 மில்லிகிராம் குளிசைகள். ஐந்து நாளைக்கு, காலையில் எட்டு.

அந்த எட்டுத்தான் ஆட்களைப் பயப்படுத்துகிறது. 'எட்டும் ஒண்டாவோ, தங்கச்சி?' என்று மருந்து கொடுக்கிற பிள்ளையிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்பார்கள். 'ஓம் அம்மா, எட்டும் ஒண்டா. சாப்பிட்டிட்டுப் போடுங்கோ' என்று பதில் வரும். வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒரு திருத்தம். காலையில் நாலு, இரவில் நாலு என்று பிரிப்பவர் ஒருவர். இரண்டோடு நிறுத்திவிட்டு மிச்சத்தை அலுமாரிக்குள் வைப்பவர் இன்னொருவர். இது ஸ்டீரொயிட், உடம்பு ஊதும், எலும்பு உக்கும் என்று கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் மகள் தொலைபேசியில் எச்சரித்திருப்பாள். அடுத்த கிளினிக்கில் கேள்வி தயாராக இருக்கும்: 'டொக்டர், இதைவிட நல்ல ஸ்டீரொயிட் வேற ஒண்டும் இல்லையோ?'

இருக்கின்றன, ஒன்றல்ல, பல. ஹைட்ரோகோர்ட்டிசோன், பிரெட்னிசொலோன், மெதில்பிரெட்னிசொலோன், டெஃப்லசகோர்ட், டெக்சாமெதசோன், பீட்டாமெதசோன் எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் இவற்றில் எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால், இதுவரை எத்தனை தரம் போட்டாயிற்று என்று கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தக் கேள்வியை அனேகமாக யாரும் கேட்பதில்லை.

பருத்தித்துறையில் முட்டைக் கிளப்பிவிடும் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. சோளகம் வீசும் மாதங்களில் மணலும் புழுதியும். வாடையோடு மாரி வந்தால் சுவரெல்லாம் பூஞ்சணம். தலையணைக்குள் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள். குசினியில் பன்னாடையும் கங்குமட்டையும் பொச்சும் எரியும் புகை. இவற்றில் ஏதோ ஒன்று பட்டதும் மூச்சுக்குழாயில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உட்சுவர் அழன்று வீங்கிச் சளியைச் சுரக்கிறது. நீலப் பம்மில் உள்ள சல்பியூட்டமோல் முதலாவதை மட்டும் கவனிக்கும், அதையும் சில நிமிடங்களில் கவனிக்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்துக்கு ஸ்டீரொயிட்தான் வேண்டும், அது வேலை செய்ய நாலு மணித்தியாலமாவது ஆகும். குளிசை போட்டு அரை மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று குறைப்படுவது இதனால்தான்.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் மருந்து போய்ச் சேரும் இடம். ஸ்டீரொயிட் மூலக்கூறு கலத்துக்குள் நுழைந்து, அங்கே காத்திருக்கும் ஏற்பி ஒன்றோடு சேர்ந்து, கருவுக்குள் புகுந்து, அழற்சிப் பொருள்களைச் செய்யும் மரபணுக்களை அடக்குகிறது. அதே ஏற்பி எலும்பிலும் இருக்கிறது. தசை, ஈரல், தோல், கண், மூளை எங்கும் இருக்கிறது. மூச்சுக்குழாயில் ஒரு பல்பை அணைப்பதற்காக வீட்டின் மெயின் சுவிச்சையே இறக்குகிற மாதிரியான வேலை இது. நன்மை வருகிற வழியும் பக்கவிளைவு வருகிற வழியும் பெரும்பாலும் ஒன்றுதான். வீக்கத்தை அடக்கும் பலம் கூடக்கூட மற்றத் தொல்லைகளும் கூடவே வருகின்றன. அதனால்தான் பக்கவிளைவே இல்லாத ஸ்டீரொயிட் குளிசையை எழுபது ஆண்டுகளாகத் தேடியும் இன்னும் காணவில்லை.

தேடல் தொடங்கியது 1948 செப்ரெம்பரில். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு, அதுவரை 'ஈ' என்ற எழுத்தால் மட்டும் அறியப்பட்ட ஒரு சேர்வையை பிலிப் ஹென்ச் ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். அதுதான் கோர்ட்டிசோன். 1950இல் ஹென்சுக்கும், வேதியியலாளர்களான கெண்டலுக்கும் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள்ளேயே நோயாளிகளின் முகம் உருண்டு போவதும், மனநிலை குழம்புவதும் வெளியே தெரியத் தொடங்கிவிட்டன. கடும் ஆஸ்துமாவுக்கு இது உதவுகிறது என்பதை 1956இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் பரிசோதனை காட்டியது.

ஆரம்பத்தில் கோர்ட்டிசோனை மாட்டின் பித்தத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளில் செய்ய வேண்டியிருந்தது. அதை மலிவாக்கியது ஒரு கிழங்கு. ரசல் மார்க்கர் என்ற வேதியியலாளர் 1940களில் மெக்சிக்கோக் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து ஸ்டீரொயிட் செய்வதற்கான மூலப்பொருளை எடுத்தார். 1952இல் அப்ஜோன் நிறுவனத்தார், பாணில் பிடிக்கும் கறுப்புப் பூஞ்சணத்தின் இனத்தைச் சேர்ந்த ஒன்றைக் கொண்டு மிச்ச வேலையை முடித்தார்கள். நாங்கள் கஞ்சி காய்ச்சும் இராசவள்ளியும் அந்த மெக்சிக்கோக் கிழங்கும் ஒரே தாவரப் பேரினம், இரண்டும் டயொஸ்கோரியா. (இதை வாசித்துவிட்டு முட்டுக்கு இராசவள்ளிக் கஞ்சி நல்லது என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம். மனித உடலால் அந்த மாற்றத்தைச் செய்ய முடியாது. கஞ்சி ருசிக்கு மட்டுந்தான்.)

பிறகு வந்தவை எல்லாம் அதே மூலக்கூறில் செய்த சின்னச் சின்ன மாற்றங்கள். ஓரிடத்தில் இரட்டைப் பிணைப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். பிரெட்னிசொலோனும், ஈரலுக்குப் போய் பிரெட்னிசொலோனாக மாறும் பிரெட்னிசோனும் 1955இல் வந்தன. பலம் நாலு மடங்கு கூடியது, உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும் குணம் குறைந்தது. ஒரு மெதில் கூட்டத்தைப் பொருத்தியதில் மெதில்பிரெட்னிசொலோன். புளோரின் அணுவையும் ஒரு மெதிலையும் சேர்த்ததில் டெக்சாமெதசோன். அந்த மெதில் எதிர்ப்பக்கம் திரும்பினால் பீட்டாமெதசோன்.

பலக் கணக்கு இப்படிப் போகிறது. 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் செய்யும் வேலையைச் செய்ய ஹைட்ரோகோர்ட்டிசோன் 20 மில்லிகிராம் தேவை. மெதில்பிரெட்னிசொலோன் என்றால் 4 போதும், டெஃப்லசகோர்ட் 6, டெக்சாமெதசோன் வெறும் 0.75. ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். 0.5 என்று போட்டிருக்கும் டெக்சாமெதசோன் குளிசையைப் பார்த்து, இது 5இல் பத்தில் ஒரு பங்குதானே என்று நினைப்பார்கள். உண்மையில் அந்த அரை மில்லிகிராம், மூன்று மில்லிகிராமுக்கு மேற்பட்ட பிரெட்னிசொலோனுக்குச் சமன். நாளைக்கு மூன்று போட்டால், எங்கள் உடம்பு ஒரு நாளில் தானாகச் சுரக்கும் கோர்ட்டிசோலைப் போல இரு மடங்குக்கும் மேல் போய்விடும்.

பலத்தைவிட முக்கியமான வேறுபாடு, உடம்பில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது. ஹைட்ரோகோர்ட்டிசோனின் வேலை எட்டிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பிரெட்னிசொலோன் பன்னிரண்டிலிருந்து முப்பத்தாறு வரை. டெக்சாமெதசோன் முப்பத்தாறிலிருந்து எழுபத்திரண்டு வரை. எங்கள் அதிரீனல் சுரப்பி விடியற்புறம் அதிகமாகவும் நள்ளிரவில் மிகக் குறைவாகவும் கோர்ட்டிசோலைச் சுரக்கிறது. (முட்டு விடியப்புறம் மூன்று மணிக்கு மோசமாவதற்கும் இதில் பங்குண்டு.) காலையில் ஒரே தரமாகப் போட்ட பிரெட்னிசொலோன் இந்த ஒழுங்கோடு ஓரளவுக்கு ஒத்துப்போகிறது. இரவில் நாலைப் போட்டால் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதனால்தான் எட்டும் காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு.

டெக்சாமெதசோனின் நீண்ட வேலை ஒரு சந்தர்ப்பத்தில் வரம். பிரெட்னிசொலோன் பொல்லாத கசப்பு. தேனில் குழைத்துக் கொடுத்தாலும் பிள்ளைகள் சத்தி எடுப்பார்கள். ஒன்று அல்லது இரண்டு நாள் டெக்சாமெதசோன், அவர்களுக்கு மூன்று முதல் ஐந்து நாள் பிரெட்னிசொலோனுக்கு ஈடாக வேலை செய்கிறது; சத்தியும் குறைவு. ஆனால் இரண்டு நாளுக்கு மேல் அதைத் தொடரக்கூடாது என்பது வழிகாட்டிகளின் அறிவுறுத்தல். நாள் கணக்கில் போட்டால் அதிரீனல் சுரப்பிக்கு ஓய்ந்து எழும்ப நேரமே கிடையாது. புளோரின் சேர்ந்த இந்த வகை தொடைத் தசைகளையும் கூடுதலாக மெலிய வைக்கும். 2020இல் கொவிட் நோயாளிகளுக்கு நாளைக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெதசோன் உயிர் காத்தது என்ற செய்தி வந்ததும் அது வீட்டு மருந்தாகிவிட்டது. அடுத்த ஆண்டு இந்தியாவில் பரவிய கரும்பூஞ்சை நோய்க்கு, சலரோகத்தோடு சேர்ந்த கண்மூடித்தனமான ஸ்டீரொயிட் பாவனையும் ஒரு பெரிய காரணம்.

மெதில்பிரெட்னிசொலோன் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உப்புத் தேக்கம் சற்றுக் குறைவு, விலை கூட. டெஃப்லசகோர்ட் எலும்புக்கு நல்லது என்று விற்கப்படுகிறது. சமமான பலத்தில் கொடுத்து ஆஸ்துமாக்காரரிடம் ஒப்பிட்டால் அந்த நன்மை உறுதியாகத் தெரிவதில்லை. ஊசி போட்டால்தான் கேட்கும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். விழுங்க முடிந்து, சத்தி எடுக்காமலும் இருந்தால், குளிசையும் நாளத்தில் ஏற்றும் ஊசியும் ஒரே பலனைத்தான் தருகின்றன. ஆக, முட்டுக்குப் பிரெட்னிசொலோனை விட்டு வேறொன்றுக்கு ஓட வேண்டிய அவசியம் அனேகமாக இல்லை.

இனிப் பக்கவிளைவுகள். முதல் வாரத்திலேயே வருபவை சில. நித்திரை வராது. சும்மா இருக்கக் கோபம் வரும். சிலருக்குத் தேவைக்கு மிஞ்சிய உற்சாகம். பசி சொல்லி மாளாது. காலையில் ஒரு சரை பருத்தித்துறை வடையை முடித்தவர் மத்தியானம் இன்னொன்றுக்குக் கை நீட்டுவார். இவை மருந்து நின்றதும் போய்விடும். கவனமாக இருக்க வேண்டியது சலரோகக்காரர். காலையில் போட்ட பிரெட்னிசொலோன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் பின்னேரமும்தான் சீனியை ஏற்றும். விடியும்போது அது இறங்கியிருக்கும். வெறும் வயிற்றில் இரத்தம் குத்திப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று இருப்பவருக்குப் பின்னேரம் முந்நூறு இருந்தாலும் தெரியவராது. குளிசை போடும் நாட்களில் பின்னேரத்தில்தான் குத்திப் பார்க்க வேண்டும். கால் உளைவு என்று டைக்ளோஃபெனாக்கையும் கூடப் போடுகிறவருக்குக் குடற்புண் வரும் வாய்ப்புக் கூடுகிறது. சில ஆஸ்துமாக்காரருக்கு அந்த நோக்குளிசையே முட்டைக் கிளப்பிவிடும்.

மாதக் கணக்கில் போட்டால் வருபவை வேறு இனம். முகம் உருளும், வயிறு வைக்கும், கை கால் மெலியும். தோல் கடதாசி போலாகி, தட்டுப்பட்ட இடமெல்லாம் நீலம் பாரிக்கும். குந்தி இருந்து மீன் வெட்டுகிறவர் கை ஊன்றாமல் எழும்ப முடியாமல் தவிப்பார். அது தொடைத்தசை போனதன் அடையாளம், வயதைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணில் வெண்புரையும் அழுத்தமும் வரும். முள்ளந்தண்டு என்பு நொறுங்கும். தொடை எலும்பின் தலை இரத்தம் இல்லாமல் பட்டுப்போவதும் உண்டு. அடங்கிக் கிடந்த காசம் எழும்பும். பிள்ளைகளின் வளர்த்தி தடைப்படும்.

ஐந்து நாள் போடுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று நெடுங்காலம் வைத்தியர்களே நினைத்தார்கள். 2017இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு அந்த நிம்மதியைக் குலைத்தது. பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைப் பார்த்ததில், முப்பது நாளுக்குக் குறைவான பாவனைக்குப் பிறகுகூட, அடுத்த ஒரு மாதத்தில் இரத்தத்தில் கிருமி பரவும் ஆபத்து ஐந்து மடங்கும், நாளத்தில் இரத்தம் உறையும் ஆபத்து மூன்று மடங்கும், எலும்பு முறிவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கும் கூடியிருந்தன. அடிப்படை ஆபத்து மிகச் சிறியது. ஐந்தால் பெருக்கினாலும் சிறியதுதான். ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு பிரித்தானிய ஆஸ்துமாக்காரரிடம் செய்த ஆய்வு இன்னும் நேரடியாகச் சொன்னது: வாழ்நாளில் போட்ட மொத்தப் பிரெட்னிசொலோன் அரைக் கிராமிலிருந்து ஒரு கிராமுக்குள் வந்ததுமே சலரோகம், எலும்புத் தேய்வு, வெண்புரை போன்றவை கூடத் தொடங்குகின்றன.

இந்த ஒரு கிராமை எங்கள் கடதாசி உறையில் அளந்து பாருங்கள். நாளைக்கு எட்டுக் குளிசை, 40 மில்லிகிராம். ஐந்து நாளைக்கு 200. மாரிக்கு ஒரு தரம், பனிக்கு ஒரு தரம், சோளகப் புழுதிக்கு ஒரு தரம் போட்டால் அரைக் கிராம் தாண்டியாயிற்று. ஐந்தாவது உறையோடு ஒரு கிராம். இரண்டு வருடத்தில் இதை முடித்தவர்கள் இந்த ஊரில் தாராளமாக இருப்பார்கள். ஒவ்வொரு தரமும் வேறு வைத்தியர், வேறு இடம், வேறு துண்டு. கூட்டிப் பார்க்க ஆள் இல்லை.

இதற்காக இன்றிரவு முட்டு வந்தால் குளிசையை ஒதுக்குவது மடமை. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டீரொயிட் கொடுத்தால், எட்டுப் பேரில் ஒருவர் வாட்டில் படுக்க வேண்டிய தேவை தவிர்க்கப்படுகிறது. ஆஸ்துமாவால் சாகிறவர்களில், ஸ்டீரொயிட்டைப் பிந்தித் தொடங்கியவர்களும் தொடங்காதவர்களும் உண்டு. மூச்சு முட்டும்போது எட்டில் இரண்டைப் போட்டுவிட்டு ஆறை மிச்சம் பிடிப்பதில் சேமிப்பு ஒன்றுமில்லை. வீக்கம் அடங்காமல் அடுத்த கிழமை இன்னோர் உறை வந்து சேரும்.

மிச்சம் பிடிக்கிற பழக்கத்தைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. போர் நடந்த 1990களில் குடாநாட்டுக்கு மருந்து கப்பலில் வரும்வரை காத்திருந்த தலைமுறை இது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு திரும்ப வந்தது. அலுமாரிக்குள் நாலு குளிசை இருப்பது இங்கே பேராசை அல்ல, அனுபவம். ஆனால் அந்த நாலுதான் அடுத்த தடிமனுக்கும், பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கால் நோவுக்கும் போகிறது. எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கணக்கில் ஏறாத இன்னொரு வழி, பெயர் தெரியாத ஸ்டீரொயிட். தடிமனுக்கும் கடிக்கும் கொடுக்கப்படும் சில கூட்டுக் குளிசைகளுக்குள் பீட்டாமெதசோன் இருக்கிறது. நாலு நிறக் குளிசைகளை ஒரு பொட்டலமாகச் சுற்றிக் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். முட்டை அடியோடு மாற்றும் மூலிகைத் தூள் என்று விற்பவற்றில் ஸ்டீரொயிட் கலந்து பிடிபட்ட செய்திகள் உலகெங்கும் உண்டு. ஒரு தூள் இரண்டே நாளில் அதிசயம் செய்தால் சந்தேகப்படுவதே நியாயம். கடைப்பெயர் எதுவாயினும் மருந்தின் உண்மைப் பெயர் சீட்டில் இருக்க வேண்டும் என்று இலங்கையில் முன்னின்று போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவருடைய முயற்சி. மலிவு விலை என்பதற்காகத்தான் அவரை நினைக்கிறோம். பிரெட்னிசொலோன் என்ற ஒரே மருந்தை இரண்டு கடைப்பெயர்களில் இரண்டு தரம் விழுங்காமல் இருப்பதற்கும் அந்தக் கொள்கை உதவுகிறது.

அடுத்த உறை வராமல் செய்வது மண்ணிறப் பம், அல்லது கப்சியூலைப் போட்டு இழுக்கும் கருவி. அதில் இருப்பதும் ஸ்டீரொயிட்தான்: பெக்ளோமெதசோன், பியூடெசொனைட் போன்றவை. வித்தியாசம் அளவில். பம்மில் ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் இழுத்தால், எட்டுக் குளிசையில் இருப்பது 40,000 மைக்ரோகிராம். எடைக்கு எடை நூறு மடங்கு. அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. விழுங்குப்படும் பங்கை ஈரல் பெருமளவு அழித்துவிடுகிறது. இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்தால் வாய்ப்புண்ணும் குறையும். பம்முக்குப் பழகிப்போய்விடும் என்று பயந்து அதை நிறுத்திவிட்டு, வருடத்துக்கு மூன்று தரம் எட்டு எட்டாகக் குளிசை விழுங்குகிறவருக்கு இந்தக் கணக்கை யாராவது இருத்தி வைத்துச் சொல்ல வேண்டும். பியூடெசொனைட்டும் ஃபோர்மொட்டெரோலும் சேர்ந்த பம்மை இழுப்பு வரும்போது மட்டும் பாவித்த இலேசான ஆஸ்துமாக்காரரிடம்கூட, நீலப் பம் போன்ற உடனடி நிவாரணியை மட்டும் பாவித்தவர்களோடு ஒப்பிடக் கடும் இழுப்புகள் 64 வீதம் குறைந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. நீலப் பம்மை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று 2019இல் உலக ஆஸ்துமா வழிகாட்டியும் மாறியது.

நிறுத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து அல்லது ஏழு நாள் போட்டதைப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, சட்டென்று நிறுத்தலாம். மூன்று கிழமைக்கு மேல் போட்டவர் அப்படிச் செய்யக்கூடாது. அதிரீனல் சுரப்பி வேலையை மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் களைப்பு, சத்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிராபத்து வரை போகலாம். சுரப்பி பழைய நிலைக்கு வர மாதங்கள் எடுக்கும். அந்தக் காலத்துக்குள் சத்திரசிகிச்சையோ கடும் காய்ச்சலோ வந்தால், முன்பு ஸ்டீரொயிட் போட்டதை வைத்தியருக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

போட்ட ஸ்டீரொயிட்டின் கணக்கை எழுதுவதற்கு இடமும் இருக்கிறது: கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கம். திகதி, குளிசையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், அவ்வளவுதான். ஒரு வருடத்தில் இரண்டு வரி விழுந்துவிட்டால் வைத்தியர் மூன்றாவது உறையை எழுதுவதற்கு முன், பம்மைச் சரியாக இழுக்கிறீர்களா என்று தன் கண்முன்னே இழுக்கச் சொல்லிப் பார்ப்பார். குசினிப் புகையை விசாரிப்பார். சளியையும் நெஞ்சுப் படத்தையும் பார்த்துக் காசம் இல்லையென்று உறுதிப்படுத்துவார். கண்ணுக்கும் சீனிக்கும் துண்டு எழுதுவார். அதற்கும் அடங்காத முட்டு என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் சுவாசநோய் நிபுணரிடம் அனுப்புவார்.